கேட் மாத்திரை

ஒரே வாரத்தில் ஒரு தெருவுக்கே ரத்த அழுத்தம் ஏறாது. ஒருத்திக்கு ஏறும், அடுத்த வீட்டில் இறங்கும். ஒருத்தி முந்தின நாள் கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்த்திருப்பாள், இன்னொருத்தி மருமகளோடு மல்லுக்கு நின்றிருப்பாள். ஆனால் ஆடி மாதத்தின் அந்த முதல் வாரத்தில் மேரி படியேறிய பதினான்கு வீடுகளில் பதினொன்றில் கருவி நூற்றெழுபதுக்குக் கீழே இறங்க மறுத்தது. கருவியில்தான் கோளாறோ என்று தன் கையிலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்றிருபத்து நான்கு. கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

மேரிக்கு நாற்பத்தாறு வயது. ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டினால் வருகிற காலனியில்தான் பிறந்தாள், அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் அரசாங்க வேலையில் மூன்று வருடமாக இருந்தாள். அதுவரை தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த தெருக்கள்தான் அவளுக்கு. சித்திரையிலிருந்துதான் சொந்தக் காலனியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மாதம் பிறந்தால் ஆளுக்கு முப்பது மாத்திரை, நடுவில் ஒருமுறை போய் அழுத்தம் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். மேரி மாத்திரை அட்டையையும் வாங்கி எண்ணிப் பார்ப்பாள்.

பதினான்காவது வீடு கெங்கம்மாளுடையது. அன்றைக்குத் தேதி இருபது. அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

"மாத்திரையெல்லாம் எங்க யத்த?"

"எலி தூக்கினு பூட்ச்சி" என்றாள் கெங்கம்மாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"எலிக்கு இன்னா, பிரஷரா?"

"எனுக்கு இன்னாடி தெரியும்? நீதான டாக்டருக்குப் படிச்சவ. எலிய இட்டாந்து கேளு."

"உனுக்கு நூத்தி எம்பத்தாறு கீது. எலி உன்ன தூக்கினு போறதுக்குள்ள சொல்லிடு."

கெங்கம்மாள் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு குரலை இறக்கினாள். "திங்கக்கெயமை சரவணனுக்கு கேட்டாண்ட டெஸ்டு நடந்துச்சிமே. அவனுக்கு மூணு குடுத்தேன். கூட வர்ற பசங்களுக்கு ரெண்டு ரெண்டு. நான் நாலு நாள் போடாங்காட்டி செத்தா பூடுவேன்?"

மேரி பையை மூடினாள். மற்ற பத்து வீடுகளிலும் எந்த எலி புகுந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு இந்தக் காலனியிலிருந்து முப்பது பேர் வேலைக்குப் போனார்கள். நேரடி வேலை கிடையாது, வரதன் மூலமாக. வரதனுக்கு ஊரில் நெல் வயல் உண்டு. காலனிக்காரர்கள் பாதிப் பேருடைய அப்பன்மார் வரதனுடைய அப்பா வயலில் வரப்போரம் அண்டை வெட்டியவர்கள், கதிர் அறுத்தவர்கள். இப்போது வரதன் வேன் வைத்து அவர்களுடைய பிள்ளைகளைக் கம்பெனிக்கு அனுப்புகிறார். ஆடியிலும் தையிலும் கம்பெனி வாசலை ஒட்டிய அறையில் உடம்புச் சோதனை நடக்கும். முடிந்ததும் சீட்டுகளை மொத்தமாகக் கட்டி வரதனிடம் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் விடிகாலை வேன் நிற்கும் இடத்தில் அவர் பெயர் வாசிப்பார். ஃபிட் என்றால் வண்டியில் ஏறலாம். ரெஸ்ட் என்றால் வீட்டுக்குத் திரும்பலாம். எத்தனை நாள் ரெஸ்ட் என்று அவர் சொன்னதில்லை, கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. ரெஸ்ட் என்று வாசிக்கப்பட்டவன் மறுபடி வண்டி ஏறி ஊர் பார்த்ததில்லை.

அதனால் சோதனையன்று காலையில், வீட்டிலிருக்கிற வயசானவர்களின் மாத்திரையை இரண்டு மூன்றாக விழுங்கிவிட்டு வண்டி ஏறுவது வழக்கமாகிவிட்டது. கேட் மாத்திரை என்று அதற்குப் பெயரே இருந்தது. வருடத்தில் இரண்டு நாள் வைத்தியம். மற்ற நாட்களில் தலைவலி வந்தால் தைலம்.

மேரிக்கு இது புதிதில்லை. மாமியாரின் அட்டையிலிருந்து பிய்த்து, காகிதத்தில் மடித்து, புருஷன் பாக்கியராஜின் சட்டைப் பையில் வைத்து அனுப்பியவளே அவள்தான். ஏழு சோதனைக்கு ஏழு தடவை. ஏழிலும் அவன் ஃபிட். எட்டாவதுக்கு இரண்டு மாதம் இருக்கையில், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே வலப்பக்கமாகச் சாய்ந்தான். கையும் காலும் இழுத்துக்கொண்டன.

அவன் வேலை அன்றோடு போனது. அவனைப் புரட்டிப் போட ஆள் வேண்டுமென்று, கும்மிடிப்பூண்டியில் துணி தைக்கும் கம்பெனியில் மேரி பார்த்துக்கொண்டிருந்த வேலை பத்தாம் நாள் போனது. ஒருவர் படுத்தால் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போகும் என்று அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. அது வீட்டோடும் நிற்காது. வேன் நிறுத்தத்தில் நாஷ்டாக் கடை போட்டிருந்த நர்மதாவுக்கு இரண்டு தட்டு இட்லி மிஞ்சியது. அதே வருடம் இன்னும் மூன்று பேர் ரெஸ்டில் போக, நர்மதா மாவு ஆட்டுவதையே பாதியாகக் குறைத்து, பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, தோளுக்கு அடியில் துணி மடித்து வைப்பது, தண்ணீரைக் கரண்டியில் கொடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பது, எல்லாவற்றையும் மேரி ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு படுக்கைப் புண் வர விடவில்லை. ஒன்றரை வருடத்தில் அவனைத் தடி இல்லாமல் நடக்க வைத்தாள். அதன் பிறகு திருவள்ளூரில் மூன்று மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனாள். பயிற்சிக்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை.

பாக்கியராஜ் விழுந்ததைப் பார்த்த பிறகு ஊர் கேட் மாத்திரையைக் கைவிட்டிருக்கும் என்று நினைத்திருந்தாள். ஊர் கைவிடவில்லை. அளவைத்தான் கூட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பாக்கியராஜ் நர்மதா கடைக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வலக்கையை வெங்காயத்தின் மேல் கல் போல வைத்து அழுத்திக்கொண்டு இடக்கையால் தோல் நீக்குவான். நாளைக்கு மூன்று கிலோ.

"பதினோரு ஊடுயா. பதினோரு ஊட்லயும் மாத்திர காலி."

"நம்ம காலத்துல ஒண்ணுதான். இப்ப பசங்க மூணா போட்றானுங்க. வெலவாசி ஏறிச்சில்ல."

"சிரிக்காத. பல்ல பேத்துடுவேன்."

"வலது பக்கமா பாத்து பேத்துடு. அங்க மரத்துப் போய்க் கீது, வலிக்காது."

மேரி அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். "அடுத்த டெஸ்டு தையில. ஆறு மாசம் கீது. அதுக்குள்ள இவனுங்கள தெனம் மாத்திர போட வெச்சிடணும்."

"தெனம் போடணும்னா பேர எய்தணும். எய்தினா வரதண்ணன் காதுக்குப் போவும். போனா வேன்ல சீட்டு காலி. எவன் வருவான்?"

"ஹெல்த் சென்டர் தொறந்து கீற நேரத்துல இவனுங்க கம்பெனில கீறானுங்க. அவனுங்க எங்க வரப்போறானுங்க? நான்தான் போவணும்."

"எங்க?"

"வேனாண்ட."

வியாழக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு நர்மதா கடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கருவியை எடுத்து வைத்தாள் மேரி. முப்பது பேரும் இட்லித் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கையையும் காணோம்.

"இன்னாக்கா, புதுக்கடை போட்டுக்கினியா?" என்றான் சரவணன். கெங்கம்மாளின் மகன், முப்பத்து நான்கு வயது, ஆள் ஆறடி, கழுத்து தடித்தவன். "பில்லு எவ்ளோ?"

"உங்கம்மா மாத்திரைய தூக்கின எலியப் புடிக்க வந்தேன். இங்கதான் நிக்குது."

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் யாரும் கிட்டே வரவில்லை. வண்டி வர இன்னும் பத்து நிமிடம். அப்போது வெங்காயக் கூடையை இடத்தோளில் மாட்டிக்கொண்டு பாக்கியராஜ் காலைத் தேய்த்துத் தேய்த்து வந்து சேர்ந்தான். கூடையை நர்மதாவிடம் கொடுத்துவிட்டு, வலக்கையை இடக்கையால் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தான்.

"பாத்துக்கங்கடா. ஏயு தபா ஃபிட்டுன்னு எய்திக் குடுத்த கை இது. இப்ப லுங்கி கட்டக்கூட ஒத்தாசைக்கு ஆள் வேணும். எவனுக்கு எட்டாவது தபா போவணுமோ, நல்லா நாஷ்டா துன்னுட்டு ஏறுங்க."

முதலில் தட்டைக் கீழே வைத்தவன் சரவணன்.

"நோட்டு யார்கிட்ட கீதுக்கா?"

"என்கிட்ட. அப்பால டாக்டரம்மாகிட்ட. மூணாவது ஆளு பாக்கணும்னா என்னைக் கொன்னுட்டுத்தான் பாக்கணும்."

நூற்றெண்பத்தெட்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு. மேரி கருவியின் முகத்தை அவன் பக்கம் மட்டும் திருப்பினாள். எண்ணைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான்.

அன்று ஒன்பது பேர். அடுத்த வியாழன் பத்தொன்பது, அதற்கடுத்ததில் முப்பதும். முப்பது பேரில் பன்னிரண்டு பேருக்கு அளவு மீறியிருந்தது. தானாக யாருக்கும் புதிதாக மாத்திரை கொடுக்க மேரிக்கு அதிகாரம் இல்லை, டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "பகல்ல வரச்சொல்லுங்க" என்றார் டாக்டர். "பகல்ல வந்தா அவங்களுக்கு வேல போய்டும் மேடம். வேல போனா அப்பால மாத்திரைக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும் உங்ககிட்டதான் வருவாங்க" என்றாள் மேரி. டாக்டர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலா ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து பன்னிரண்டு பேரையும் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை எழுதுவது சுலபம். தினமும் விழுங்க வைப்பதில்தான் மேரிக்கு உயிர் போனது. தலைவலி இல்லையே, எதற்கு என்பான் ஒருவன். கால் வீங்குது என்று நிறுத்துவான் இன்னொருவன். அவனை டாக்டரிடம் மறுபடி அனுப்பி மாத்திரையை மாற்றி வாங்கிக் கொடுத்தாள். நர்மதாவிடம் சட்னியில் உப்பைக் குறைக்கச் சொல்லிச் சண்டை.

"உப்பில்லாத சட்னிய உன் மிஷினுக்குப் போடு" என்றாள் நர்மதா. "எனுக்கு கடை ஓடணும்."

"கடைக்கு வர்றவன் கால்ல நடந்து வந்தாத்தான கடை ஓடும்? நாலு பேர் ரெஸ்ட்ல பூட்ட வருசம் உன் மாவு புளிச்சிது, நெனப்பு கீதா?"

நர்மதாவுக்கு நினைப்பு இருந்தது. சட்னியில் உப்பைக் குறைத்து, திட்டுகிறவர்களுக்கு மேரி வீட்டு வழியைக் காட்டினாள்.

புரட்டாசியில் வரதன் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இன்னா மேரி, பெரிய டாக்டரம்மா ஆய்ட்ட போலக் கீது."

"கெவருமெண்டு குடுத்த மிஷினு வரதண்ணே. சும்மா வெச்சா கெட்டுப் பூடும்."

"நல்லது, செய். யாராருக்கு எவ்ளோன்னு ஒரு பேப்பர்ல எய்திக் குடு. நானும் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறதுன்னா?"

"மெஷினாண்ட நிக்கிற ஆளுங்க. மயக்கம் போட்டு வுய்ந்தா பேஜாரு எனுக்குத்தான? முன்னாடியே தெரிஞ்சா ஆள மாத்திடுவேன்."

"அதுக்குத்தான் குடுக்க மாட்டேன்."

வரதன் முகம் மாறியது. "உங்கப்பன் எங்கப்பா எதிர்ல நின்னு ஒரு வார்த்த பேசினதில்ல."

"ஆமா. நெஞ்சு வலிக்குதுன்னுகூட பேசல. உங்க வரப்புலயே பூட்டாரு" என்றாள் மேரி. "வேணும்னா உங்க கைய நீட்டுங்க. எவ்ளோன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு மேரிக்கு ஒரு யோசனை ஓடியது. மாத்திரை போட்டும் ஒருவனுக்கு அளவு இறங்காமல் போனால்? கம்பெனியில் அப்படிப்பட்டவனை என்ன செய்யச் சொல்கிறார்கள்? ஊரில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்துத் தேர்வாய் கண்டிகைக்குப் போனாள். வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எதிர் டீக்கடையில் இரண்டரை மணி வரை உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வெளியே வந்த கம்பெனி நர்ஸை மறித்துப் பிடித்தாள். நர்ஸின் பெயர் ஷைனி, வீடு கும்மிடிப்பூண்டி.

மேரி சொன்னதைக் கேட்டு ஷைனி ஸ்கூட்டரை நிறுத்தியே விட்டாள்.

"அக்கா, ஃபிட் இல்லன்னா ஆள வெளிய தள்ளச் சொல்லி நாங்க எழுதறதில்ல. பதினாலு நாள் ரெஸ்ட்டு, மாத்திர, மறுபடி செக்கப்புக்கு ஒரு தேதி. ஒவ்வொரு சீட்டுலயும் தேதிய என் கையாலதான் எழுதறேன். உங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூட அந்தத் தேதிக்கு வர்றதில்ல. ஒடம்பு மேல அக்கறையே இல்லாத ஜனங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மேரி வியாழக்கிழமை வேன் நிறுத்தத்தில் இதைச் சொன்னாள். யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

"தேதி பேப்பர்ல கீதுக்கா" என்றான் சரவணன். "பேப்பர் வரதண்ணன் கைல கீது."

கார்த்திகைக்குள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு அளவு ஒழுங்குக்கு வந்துவிட்டது. அந்த அரையாண்டில் ஒருவனும் வேலைக்கு நடுவில் சாயவில்லை. புது ஆளைப் பிடித்து வேலை பழக்கும் தொல்லை வரதனுக்கு ஒரு முறைகூட வரவில்லை. சொன்ன தலை சொன்னபடி வந்து நின்றதால் கம்பெனி இன்னொரு மெஷின் வரிசைக்கும் ஆள் அனுப்பும் வேலையை அவருக்கே கொடுத்தது. இரண்டாவது வேன் ஓட ஆரம்பித்தது. நர்மதா பாத்திரம் கழுவும் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள்.

பிறகு பொங்கல் வந்தது. நான்கு நாள் விடுமுறை, கறி, நண்பர்கள், பாட்டில். சரவணன் நான்கு நாளும் மாத்திரையைத் தொடவில்லை. சோதனை ஜனவரி இருபதாம் தேதி. அன்று விடிகாலை அவனாகவே வந்து ஸ்டூலில் கையை வைத்தான். நூற்றறுபத்தாறுக்கு நூற்று நான்கு.

"யக்கா, அம்மா அட்டைய எடுத்தாந்துகீறேன். மூணு போட்டுக்கினு ஏறிடட்டா? இந்த ஒரு தபாதான்."

"இந்த ஒரு தபான்னு எங்க ஊட்லயும் ஏயு தபா சொன்னோம்."

"ரெஸ்ட்டுன்னு வந்தா?"

"பதினாலு நாள் ஊட்ல கெட. ஒயுங்கா மாத்திர போடு. அப்பால போ."

"அப்பால என் சீட்டுல வேற எவனாச்சும் குந்திக்கினு இருப்பான்! என் சீட்டு போனா நீ குடுப்பியா?"

மேரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடுப்பேன். உன் சீட்டுக்கு நான் பொறுப்பு. அட்டைய இங்க வை."

அவன் அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு அட்டையை ஸ்டூல் மேல் எறிந்துவிட்டு வண்டி ஏறினான். வண்டி போன பிறகுதான் தான் சொன்னதன் கனம் மேரிக்கு உறைத்தது. அவளிடம் வேனும் இல்லை, கம்பெனியும் இல்லை.

சாயங்காலம் கெங்கம்மாளின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. "ஏன்டி மேரி! எம்புள்ள சோத்துல மண்ணப் போட்டியேடி! மூணு மாத்திர போட்டிருந்தா ஃபிட்டு ஆயிருப்பான். நீ இன்னா கலெக்டரா? உம்புருசன் வுய்ந்தா ஊரே வுயணுமா?"

மேரி வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பெயர் வாசிக்கும் முன்பே, இந்த முறை ஷைனி சோதனை அறையிலேயே சொல்லிவிட்டிருந்தாள்; மேரிக்கும் போனில் தேதியோடு சொன்னாள். மூன்று பேர் ரெஸ்ட். சரவணன் ஒருவன்.

"முடிஞ்சிதா யத்த? நான் வரதண்ணனாண்ட போறேன். மீதிய வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள்.

"நானும் வர்ட்டா?" என்றான் பாக்கியராஜ்.

"வேணாம். உன்ன இஸ்துகினு போனா இருட்டிடும்."

வரதன் வயலில் இருந்தார். அறுவடை வண்டி கடைசிக் கழனியில் ஓடிக்கொண்டிருந்தது. மேரி வரப்பு மேல் நடந்து போய் அவர் எதிரில் நின்றாள். வண்டிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எதுக்கு வந்தன்னு தெரியும் மேரி. ஆள் போட்டாச்சி. ஆந்திரா பக்கம் தடாலேர்ந்து ஒருத்தன் நாளைக்கு வர்றான்."

"சீட்ட எடுங்க வரதண்ணே."

"எந்தச் சீட்டு?"

"உங்க பாக்கெட்டுல கீது பாருங்க, அது. சரவணன் சீட்டுல கீய ஒரு தேதி கீது. பிப்ரவரி மூணு. எய்தினவங்களே சொன்னாங்க."

அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. "தேதி கீட்டும். பதினாலு நாள் ஆள் இல்லாம ஓட்ட முடியுமா? ஒரு தல கொறஞ்சா கம்பெனிக்காரன் என்னத்தான் கேப்பான்."

"பதினாலு நாளுக்கு ஆள் போடுங்க. யாரு வேணாம்னா? பதினஞ்சாம் நாள் சரவணன் வருவான்னு சொல்லிப் போடுங்க."

"அத சொல்ல நீ யாரு?"

"அவன் மூணு மாத்திர போட்டுக்கினு போறேன்னு நின்னான். நான்தான் வேணாம்னு புடுங்கி வெச்சேன். என் பேச்ச நம்பி உள்ளத உள்ளபடி காட்டினான். அவன் சீட்டு பூட்ச்சின்னா நாளைக்கு ஒருத்தன் என் மிஷின்ல கை வெக்க மாட்டான். ஆடிக்கு மறுபடி எல்லாம் கேட் மாத்திரதான். எல்லாரும் ஃபிட்டுன்னு உங்களுக்கு சீட்டு வரும். அதுல எவன் எப்ப எந்த மெஷின்ல வுயப் போறான்னு உங்களுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது."

"மெரட்றியா?"

"நடந்தத சொல்றேன். போன வருசம் ரெண்டு பேரு வுய்ந்தானுங்க. எத்தினி ஆள மாத்தினீங்க? இந்த ஆறு மாசத்துல ஒருத்தன் உண்டா? ரெண்டாவது வண்டி உங்களுக்கு எப்டி வந்துச்சி?"

அறுவடை வண்டி மூலையில் திரும்பி அவர்களை நோக்கி வந்தது. வரதன் கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார். திடீரென்று சத்தம் அடங்கியதில் அவருடைய அடுத்த வார்த்தை தேவைக்கு மேல் உரக்க வந்தது.

"செரி, வந்தா பாக்கலாம் போ."

"பாக்கலாம்னா தேதி இல்ல வரதண்ணே. நாளைக்குக் காலைல பேர் வாசிக்கறப்ப தேதியோட வாசிங்க. மூணு பேருக்கும்."

"இன்னாமே, ஒண்ணு குடுத்தா ஒன்பது கேக்கற."

"ஒண்ணுதான் கேக்கறேன். எய்தி கீறத வாசிங்கன்றேன்."

மேரி பதிலுக்காக நிற்கவில்லை. கேட்டதைக் கேட்டாயிற்று, இனி காலையில்தான் தெரியும்.

காலையில் இரண்டு வேனும் நின்றன. சரவணன் வேலைக்குப் போகிற சட்டையோடுதான் வந்திருந்தான். அவன் அம்மா நர்மதா கடை மறைவில் நின்றிருந்தாள். வரதன் சீட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஃபிட், ஃபிட் என்று போய்க்கொண்டே இருந்தது. "சரவணன்" என்றதும் நின்றார். மேரி ஸ்டூலை விட்டு எழவில்லை, அவர் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"ரெஸ்ட்டு" என்றார் வரதன். சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "பிப்ரவரி மூணாந்தேதி மறு செக்கப்பு. ஃபிட்டு ஆனா அன்னிக்கே ட்யூட்டி."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, இன்னொரு வாட்டி படி."

"படிச்சத எத்தினி வாட்டிடா படிக்கறது? காதுல இன்னா, இட்லியா வெச்சிகீற?"

அதற்கு எழுந்த சிரிப்பினூடே மற்ற இரண்டு பேருடைய தேதியும் வாசிக்கப்பட்டது. அதில் ஒருவன் அந்தத் தேதி வரை காத்திருக்கவில்லை. நாயுடுபேட்டைப் பக்கம் மச்சினனோடு வேலைக்குப் போய்விட்டான். மேரி அவனுக்கு இரண்டு தடவை போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. சரவணன் பதினான்கு நாளும் ஐந்தரைக்கு வேன் நிறுத்தத்துக்கு வந்து மேரி கண்ணெதிரில் மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போனான். கெங்கம்மாள் மேரியோடு பேசவில்லை. ஆனால் தன் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து, மகன் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை என்று நர்மதா வந்து சொன்னாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி ஷைனி எழுதிய எண் நூற்றுமுப்பத்தாறுக்கு எண்பத்தாறு. சரவணன் அன்றைக்கே மெஷின் முன்னால் நின்றான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மேரிக்குக் கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பதிலாக வந்திருந்த தடாக்காரன் இரண்டாவது வண்டியில் இருந்தான். வசந்தகுமார் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். அங்கே ஓரிடம் காலியாக இருந்ததால் வரதன் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராக வண்டிப் படியில் கால் வைத்தான்.

"இன்னா நைனா, நீ இன்னும் கை காட்டல" என்றாள் மேரி.

"எனுக்கு ஒண்ணியும் இல்லக்கா. நல்லா கீறேன்."

"அதத்தான் எல்லாரும் சொல்றாங்க. எறங்கி வா."

டிரைவர் ஹாரன் அடித்தான். மேரி அவனைத் திரும்பிப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு நிமிடம். வசந்தகுமார் இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். அவள் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"பேசாத. பேசினா ஏறும்" என்றாள். வண்டி காத்து நின்றது.